நாத்தனாரின் சிங்கமும் எங்கள் பூநாரையும்

ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர் யாராவது உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருக்கிறாரா? இல்லையென்றால் நீங்கள் பாக்கியசாலி. எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. 2023-ஆம் வருஷம் மாசி மாதம் என் பெரிய நாத்தனார் நைரோபியிலிருந்து மணவாள நகருக்கு வந்து சேர்ந்தார். அவருடைய பிள்ளைக்கு அங்கே உத்தியோகம். பேரன் பிறந்து இரண்டு வருஷம் வளர்த்துக் கொடுத்துவிட்டு, தம்பியைப் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார்.

வந்த அன்று மாலை காப்பி டம்ளரைக் கையில் வாங்கினவர், அதைக் கீழே வைப்பதற்குள் சிங்கம், காண்டாமிருகம், கணக்கில்லாத வரிக்குதிரைகள் எல்லாவற்றையும் எங்கள் கூடத்தில் அவிழ்த்துவிட்டுவிட்டார். மசாய் மாரா என்று ஒரு காடாம். காடு என்றால் நாம் நினைக்கிற மாதிரி மரங்கள் இல்லையாம். கண்ணுக்கெட்டிய தூரம் புல்தானாம். கூரை திறந்த வண்டியில் நின்றபடியே போகவேண்டுமாம். சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை இந்த ஐந்தையும் பார்த்தால்தான் பார்த்ததாகக் கணக்காம். அக்கா ஐந்தையும் ஒரே பயணத்தில் பார்த்துவிட்டார். சிறுத்தைக்கு வால் மட்டுந்தான் தெரிந்தது என்ற உண்மை நாலாம் நாள்தான் வாய் தவறி வெளியே வந்தது.

"அப்புறம் நகூரு போனோம்" என்றார் அக்கா.

நான் நாகூர் என்று காதில் வாங்கிக்கொண்டு, "தர்காவுக்கா அக்கா?" என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சிங்கம் இருந்தது. நகூரு என்பது கென்யாவில் ஒரு ஏரியாம். அதன் கரை முழுவதும் ரோஜா நிறத்தில் பறவைகள் நிற்குமாம். உலகத்தில் வேறெங்கும் காணக் கிடைக்காத காட்சியாம்.

"நீங்க எல்லாம் இந்த ரயில்வே கேட்டையும் பாக்டரி பஸ்ஸையும் தவிர வேறென்னத்தைப் பார்த்தீங்க!" என்று முடித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. வன விலங்கு வகையில் எங்கள் தெருவில் மொட்டை மாடி வடாமைத் தின்ன வரும் குரங்குகள் மட்டும் உண்டு. அவற்றைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே, "அந்த ரோஜா நிறப் பறவை நம்ம பழவேற்காட்டிலேயும் இருக்குக்கா. பூநாரைன்னு பேரு. காலையிலே கார் வெச்சா இரண்டு மணி நேரம். போய்ப் பார்த்துட்டு வரலாமா?" என்று கேட்டார்.

கேட்டதோடு கையை நீட்டினார். பக்கத்தில் இருந்த டம்ளர் உருண்டது. காப்பி அக்காவின் புடவையில்.

"சின்ன வயசிலேருந்தே இவனுக்குக் கவனம் கிடையாது" என்றார் அக்கா.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டு துணி எடுக்கப் போனேன். விஷயம் கவனம் அல்ல. அதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அதை உங்களுக்குச் சொல்கிறேன். அவர் இருபத்தெட்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்தவர். இரும்புச் சாமானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணை நம்பித்தான் எங்கள் குடும்பம் நடந்தது. முந்தின ஐப்பசியில், படிக்கிற கண்ணாடியை மாற்றலாம் என்று டாக்டரிடம் போனோம். இருட்டறையில் உட்காரவைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அவர் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் வந்துகொண்டே இருந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

கிளாக்கோமா என்றார் டாக்டர். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, வலியும் இல்லாமல், சிவப்பும் இல்லாமல், ஓரப் பார்வையை முதலில் தின்றுவிடுமாம். நடுப் பார்வை கடைசி வரை நன்றாக இருப்பதால் ஆள் பேப்பர் படிப்பார். ஊசியில்கூட நூல் கோப்பார். ஆனால் பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. போன பார்வை திரும்பாது. இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் சொல்லிவிட்டு டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இது குடும்பத்தில் வருகிற வியாதி. கூடப் பிறந்தவர்கள் கண்டிப்பாகக் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கூடப் பிறந்தவர் இந்த ஒரே அக்காதான். "ஊருக்கு வரும்போது நேரில் சொல்லிக்கலாம்" என்றார் அவர். வந்த பிறகு, "போகிற சமயத்தில் சொல்லிக்கலாம்" என்றார். தம்பிக்கு ஒன்று என்றால் அக்கா தாங்கமாட்டாராம். அப்படியானால் அக்காவின் கண்? அதற்கு அவரிடம் பதில் இல்லை. நானும் நாளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆக, பழவேற்காட்டுப் பிரயாணம் நிச்சயமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை நாலரை மணிக்கு அடுத்த தெருப் பையனுடைய கார் வாசலில் நின்றது. அக்கா பட்டுப்புடவைக்குமேல் காக்கித் தொப்பி ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தார். சஃபாரி என்றால் அப்படித்தானாம். என் சிவப்புச் சேலையைப் பார்த்து, "பறவைக்கும் மிருகத்துக்கும் கண்ணை உறுத்தாத நிறம் கட்டணும், அங்கே வழிகாட்டி முதல்லே அதைத்தான் சொல்வான்" என்று என்னைத் திருப்பி உள்ளே அனுப்பினார். தொப்பியைப் பற்றிப் பேசினால் பிரயாணம் நின்றுவிடும் என்று பயந்து, மறுபேச்சில்லாமல் மண் நிறச் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு வந்தேன். புளியோதரைத் தூக்கு என் மடியில். அக்காவின் பிள்ளை வாங்கிக் கொடுத்த பைனாகுலர் அக்காவின் கழுத்தில்.

செங்குன்றம் தாண்டி, தச்சூர் கூட்டுச் சாலையில் ஒரு டீ. பொன்னேரியில் பால் வண்டிகள். அதற்கப்புறம் வயலும் இறால் குட்டையுமாக மாறி மாறி வந்தன. ஏரியின் மேற்குக் கரையில் அண்ணாமலைச்சேரி என்று ஒரு மீனவர் ஊர். அங்கே நாங்கள் இறங்கியபோது சூரியன் அப்போதுதான் ஏரிக்கு அப்பால் தலையைக் காட்டியது.

ஏரி என்றால் செம்பரம்பாக்கத்தையோ புழலையோ நினைத்துக்கொள்ளாதீர்கள். கடலோடு சேர்ந்த உப்புநீர்க் காயல் இது. நம் தேசத்தில் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. பெரும்பங்கு ஆந்திராவில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நமக்கு. ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவுதான் இதற்கும் கடலுக்கும் நடுவே வேலியாகக் கிடக்கிறது. மழைக் காலத்தில் ஆரணியாறும் காளங்கியாறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். மறுபக்கம் முகத்துவாரம் வழியாகக் கடல் உள்ளே வரும். மாசி, பங்குனியில் தண்ணீர் வற்றி முழங்கால் ஆழமாகிவிடுகிற இடங்கள் உண்டு. பூநாரைக்கு வேண்டியது அந்தச் சேறுதான்.

"எங்கேடா ரோஜா நிறம்?" என்றார் அக்கா.

நியாயமான கேள்வி. எதிர் வெயிலில் தூரத்தில் கறுப்புக் குச்சிகளை வரிசையாக நட்டுவைத்தாற்போல் ஏதோ தெரிந்தது. மீன் பிடிக்க நட்ட கழிகள் என்றுதான் நானும் நினைத்தேன். அக்கா பைனாகுலரை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தம்பியிடம் கொடுத்தார். அவர் வெகுநேரம் பார்த்தார். இடமிருந்து வலமாக, ஒரு வரிகூட விடாமல் பேப்பர் படிக்கிற மாதிரி, மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"நானூறுக்குக் குறையாது" என்றார். "இந்தா, நீ பாரு."

நான் அதுவரை பைனாகுலரைத் தொட்டதில்லை. கண்ணில் வைத்ததும் முதலில் ஒரே இருட்டு. திருகு ஒன்றை அவர் திருப்பினார். இருட்டின் நடுவே வட்டமாக வெளிச்சம். அந்த வட்டத்துக்குள் ஒரு பறவை, பக்கத்து வீட்டுத் திண்ணையில் நிற்பதுபோல் அவ்வளவு கிட்டத்தில். நாலடி உயரம் இருக்கும். அதில் பாதி கால். கழுத்து சேலைத் தலைப்பை முறுக்கிப் போட்டமாதிரி வளைகிறது. தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, காலால் சேற்றை மிதித்து மிதித்துத் தன்னைத் தானே சுற்றி வருகிறது.

"அலகுக்குள்ளே சல்லடை இருக்கு" என்று பக்கத்திலிருந்து சொன்னார் அவர். போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு மாதமாக இதையெல்லாம் படித்திருந்தார். "நாக்காலே தண்ணியை உறிஞ்சி வெளியே தள்ளும். கூனிப்பூச்சியும் பாசியும் உள்ளே தங்கிடும். அந்தத் தீனியிலே இருக்கிற சாயந்தான் றெக்கையிலே ஏறுது. குஞ்சு சாம்பல் நிறமாத்தான் இருக்கும். சிவக்க இரண்டு மூணு வருஷம் ஆகும்."

அரிசி களைகிற வேலையைத் தலைகீழாக நின்று செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்னொன்றையும் கேளுங்கள். வருஷத்துக்கு ஒரே முட்டை. குஞ்சு பொரித்ததும் தாய் மட்டுமல்ல, தகப்பனும் தொண்டையில் ஊறும் ஒருவிதச் சிவந்த பாலைக் குஞ்சுக்கு ஊட்டுமாம். இந்தத் தகவலை நான் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். காரோட்டி வந்த பையனுக்குப் போன மாதந்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் காதிலும் விழட்டுமே!

இந்தப் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை. குஜராத்தில் கட்ச் என்கிற உப்புப் பாலைவனத்தில் மண்ணைக் குவித்து மேடு கட்டி முட்டையிடுகின்றன. 1945-இல் சாலிம் அலி அங்கே போய்ப் பார்த்து, சுமார் 5 லட்சம் பூநாரைகள் இருக்கும் என்று மதிப்பிட்டார். அங்கிருந்து நம் கரைக்கு, மழைக்குப் பின் வருகின்றன.

இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டே போக, நான் பைனாகுலரை எடுக்காமல் நின்றேன். காரணம் பறவை மட்டுமல்ல. வட்டத்தைச் சுற்றி இருந்த இருட்டுதான். பறவை வட்டத்தைவிட்டு ஒரு அடி நகர்ந்தால் போயே போய்விடுகிறது. எந்தப் பக்கம் போயிற்று என்று தேடினால் வெறும் தண்ணீர், வெறும் வானம். பக்கத்தில் யார் வந்தார்கள், காலடியில் என்ன கிடக்கிறது, எதுவும் தெரியவில்லை. ஐப்பசியிலிருந்து டாக்டர் எத்தனையோ தடவை படம் போட்டுக் காட்டியிருக்கிறார். எனக்கு விளங்கியது அந்தக் கரையில்தான். இவருக்கு எப்போதும் இப்படித்தானா? கடைத்தெருவில் என் பின்னாலேயே வருகிறாரே என்று நான் அலுத்துக்கொண்டது, கதவு நிலையில் இடித்துக்கொண்டால் "பார்த்து வரக்கூடாதா?" என்று வெடுக்கென்று சொன்னது எல்லாம் ஞாபகம் வந்தது. பைனாகுலரை இறக்கினபோது, வெயில் கண்ணைக் கூசுகிறது என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

இதற்குள் கரை ஓரமாக நாலைந்து இருளர் பெண்கள் தண்ணீரில் இறங்கிவிட்டார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. மார்பளவு தண்ணீர் வரும்படி குந்தி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லால் கவ்வியிருக்கிறார்கள், கை இரண்டும் வேலைக்கு வேண்டுமே! அக்கா அவர்களிடம் ஏதோ கேட்டார். வாயில் பறி இருக்கும்போது எப்படிப் பதில் சொல்வார்கள்? தலையை மட்டும் ஆட்டினார்கள். பறவை துழாவுகிற அதே சேறு. ஆப்பிரிக்காவில் வண்டியைவிட்டுக் கீழே இறங்கவே விடமாட்டார்கள் என்றார் அக்கா. இங்கே மனுஷரும் பறவையும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள்.

அக்காவுக்குப் படகில் போய்க் கிட்டத்தில் பார்க்க ஆசை. வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வேணாம்மா. கிட்டே போனா எழும்பிடும். தின்ன நேரத்துலே எழுப்பக் கூடாது" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். 2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி இதே பழவேற்காட்டு ஏரியில் உல்லாசமாகப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அன்றிலிருந்து இந்த ஏரியின் பெயரைக் கேட்டாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பெரியவர் நல்ல பேச்சுக்காரர். ஏரியில் இன்ன குடும்பம் இன்ன நாள் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று சீட்டுப் போட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் உண்டாம். அதற்குப் 'பாடு' என்று பெயராம். முகத்துவாரம் மணல் மேவி அடைத்துக்கொண்டால் மீனும் இல்லை, இறாலும் இல்லை. அப்புறம் பறவைக்கும் இங்கே வேலை இல்லை என்றார். பறவையைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் அதிசயம் ஏதும் இல்லை. எதிர்வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசினார்.

அப்போதுதான் அது நடந்தது. வலது பக்கம் எங்கோ ஒரு படகின் எஞ்சின் படபடவென்று உயிர் பெற்றது. கறுப்புக் குச்சிகள் எல்லாம் ஒரே திசையில் தலையைத் தூக்கின, தண்ணீர் மேலேயே ஓடின, ஓடிக்கொண்டே எழும்பின. வாத்துக் கூட்டம்போல் ஒரு கூச்சல். கழுத்தை முன்னாலும் காலைப் பின்னாலும் நீட்டி, எங்கள் தலைக்குமேல் வளைந்து வந்தபோது றெக்கைகள் விரிந்தன. அடடா! இவ்வளவு நேரம் மடித்து வைத்திருந்த நிறத்தை அப்போதுதான் காட்டின. குங்குமச் சிவப்பு, அதற்குக் கறுப்புக் கரை. எத்தனை பட்டுக் கடை ஏறி இறங்கினாலும் அந்தச் சேலை கிடைக்காது.

"வலது பக்கம்டா! மேலே பாரு! அதோ, அதோ!" என்று அக்கா கத்தினார். அவர் இடது பக்கம் பார்த்தார், நேராகப் பார்த்தார், திரும்பினார், பறவைகள் அதற்குள் நகர்ந்துவிட்டன. "இந்தப் பக்கம்! கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

அக்கா வேண்டுமென்று சொல்லவில்லை. நாமெல்லாம் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிற வார்த்தைதான். ஆனால் என் முகம் மாறினதை அக்கா பார்த்துவிட்டார். என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஆமாக்கா" என்றார் அவர், மிகவும் சாதாரணமாக. "ஓரத்திலே தெரியறதில்லே. ஆறு மாசமாச்சு. மருந்து போட்டுக்கிட்டிருக்கேன்."

பறவைகள் இன்னொரு சுற்று வந்துகொண்டிருந்தன. அக்கா ஒன்றும் பேசவில்லை. காக்கித் தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். தம்பியின் பின்னால் போய் நின்று, அவர் முகவாயைக் கையால் பிடித்து, குழந்தைக்கு நிலா காட்டுவதுபோல் திருப்பினார். "இங்கே... இன்னும் கொஞ்சம் மேலே... ஆங், அங்கேயே இரு, வந்துடும்." கூட்டம் அந்த இடத்துக்கு வந்தது. "தெரியுதா?"

"தெரியுதுக்கா."

பறவை போகப் போக அக்காவின் கையும் அவர் முகத்தோடு கூடவே நகர்ந்தது. அறுபத்தோரு வயசுக்காரருடைய முகவாய் அது.

புளியோதரையை வேப்பமர நிழலில் பிரித்தோம். அக்கா சாப்பிடவே இல்லை. "எனக்கு ஏண்டா சொல்லலே?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் பதிலாக ஒரு கதை சொன்னார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு மிருகக்காட்சி சாலையில் ஒரு பூநாரை இருந்ததாம். 2014-இல் செத்தபோது அதற்கு எண்பத்து மூன்று வயசுக்குக் குறையாது என்று சொன்னார்களாம். கடைசிக் காலத்தில் கண் சரியாகத் தெரியாதாம். கூடவே இன்னொரு கிழட்டுப் பூநாரை இருந்ததாம்.

"நான்தான் அந்தக் கிழடா?" என்றேன் நான்.

அக்கா அப்போதுதான் சிரித்தார். சிரித்த கையோடு, தாமதித்தால் தைரியம் போய்விடும் என்று, டாக்டர் சொன்ன மற்றதையும் நான் சொல்லிவிட்டேன். கூடப் பிறந்தவர்கள் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை. அவர் என்னை முறைத்தார். முறைக்கட்டுமே!

திரும்பும் வழியில் பழவேற்காட்டு ஊருக்குள் போய், டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டின இடத்தையும், வாசலில் எலும்புக்கூட்டைச் சிற்பமாகச் செதுக்கிவைத்த அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் பார்த்தோம். பிறகு பனையோலையில் பெண்கள் முடைகிற கூடை இரண்டு வாங்கினோம். அக்கா பேரம்கூடப் பேசவில்லை. காரில் ஏறிப் பொன்னேரி வரும்வரை மௌனம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நகூருலே நான் பூநாரையே சரியாப் பார்க்கலே. ஏரியிலே தண்ணி ஏறிப்போயி, உப்பு குறைஞ்சு, அதுங்க தின்கிற பாசி இல்லாம எல்லாம் பொகோரியான்னு வேற ஏரிக்குப் போயிட்டதாம். தூரத்திலே முப்பது நாற்பது நின்னுது. இவ்வளவு பணம் கட்டிட்டுப் பார்க்கலேன்னு எப்படிச் சொல்றது?"

அந்த வாரமே அக்காவைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். இருட்டறையில் பொத்தானை அவர் அமுக்கின வேகத்தில், வெளிச்சம் வராதபோதும் அமுக்குகிறார் என்று மறுபடி செய்யச் சொன்னார்களாம். இப்போதைக்கு ஒன்றுமில்லை, ஆனால் வருஷம் ஒரு தடவை காட்டிக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர்.

ஊருக்குப் போகும்போது பைனாகுலரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார் அக்கா. இப்போது தினம் காலை சொட்டு மருந்து போட்டு, கால்மணி கண்ணை மூடியிருந்துவிட்டு, அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார். பின்வீட்டு முருங்கை மரத்தில் ஒரு குக்குறுவான் பொந்து வைத்திருக்கிறதாம். எதிர்வீட்டு அம்மாள் மட்டும் தன் மாடிக்கு நீலத் துணியில் திரை கட்டிவிட்டாள். அந்த அம்மாளிடம் பேசி விளக்கவேண்டியது என் பாடு.